குடியிருப்புத் தெருவில் லாரிக்குத் தடை: பலகை மட்டும் போதாது, ஆணை வேண்டும்

கடலூரைச் சுற்றி லாரிக்கு வேலை குறையாத இடங்கள்தான் அதிகம். தெற்கே சிப்காட், பழைய நகரத்தில் துறைமுகம், நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை, அதைத் தாண்டினால் பண்ருட்டி மண்டிகள், நெய்வேலி. சரக்கு போய் வரத்தான் வேண்டும். ஆனால் மெயின் ரோட்டில் நெரிசல் என்றதும் வண்டியை ஒடித்து, இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே ஒதுங்க இடமில்லாத தெருவுக்குள் விடுகிறார்கள். பத்துச் சக்கர டிப்பர் முனையில் திரும்பும்போது பின்சக்கரம் சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகையில் ஏறும். பலகை விரிசல் விடும், பிறகு ஒருநாள் உள்ளே விழும். தாழத் தொங்கும் கேபிள் வயர் அறுந்து கிடக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும்.

தெருக்காரர்கள் கூடி மனு கொடுப்பார்கள், கவுன்சிலர் வந்து பார்ப்பார், கொஞ்ச நாள் கழித்து முனையில் ‘கனரக வாகனங்கள் செல்லக்கூடாது’ என்று ஒரு தகரப் பலகை நிற்கும். லாரி வருவது நிற்காது. டிராஃபிக் போலீசிடம் போய்ச் சொன்னால், “ஆர்டர் காப்பி இருக்கா சார்?” என்பார். தட்டிக்கழிப்பதற்குக் கேட்பதுபோலத் தெரிந்தாலும் கேள்வி நியாயமானதுதான். பின்னால் ஆணை இல்லாத பலகையைக் காட்டி அபராதம் போட்டால், லாரி உரிமையாளர் அதை எதிர்த்து வாதாட முடியும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 115-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மக்களின் பாதுகாப்பு அல்லது வசதி கருதியோ, ஒரு சாலை, பாலத்தின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட சாலையில் அல்லது பகுதியில் ஒரு வகை வாகனத்தைத் தடை செய்யலாம், அல்லது நிபந்தனை வைத்துக் கட்டுப்படுத்தலாம். அந்த அதிகாரம் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அலுவலருக்கும் மட்டுமே. மாவட்டங்களில் இந்தக் கோப்பு போய்ச் சேரும் இடம் ஆட்சியர் அலுவலகம். காவல் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், சாலைக்குச் சொந்தமான துறை ஆகியவற்றின் கருத்து கேட்ட பிறகே முடிவு வரும். கவுன்சிலரோ குடியிருப்போர் நலச்சங்கமோ தாங்களாகவே தடை போட முடியாது.

தடை அரசிதழில் அறிவிக்கையாக வெளிவர வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு: ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத தடை என்றால் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் முடிந்தவரை விளம்பரப்படுத்தினால் போதும். தேர், மாசி மகம் போன்ற நாட்களுக்கும், பாலம் பழுதுபார்க்கும் வாரங்களுக்கும் இந்த வழி சரிப்படும். உங்கள் தெருவுக்கு ஆண்டு முழுவதும் தடை வேண்டுமென்றால் இது உதவாது. ‘தற்காலிக ஏற்பாடு’ என்று எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிரந்தரத் தடை கிடைத்துவிட்டதாக நம்பியிருப்பவர்கள் அந்தக் கடிதத்தின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பலகைக்கும் சட்டம் உண்டு. 115-இன்படி தடை போட்டால் 116-இன்படி முறையான போக்குவரத்துக் குறியீட்டைத் தகுந்த இடங்களில் வைத்தாக வேண்டும். அதன் அளவு, நிறம், பொருள் எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் உள்ளபடி இருக்க வேண்டும். லாரித் தடைக்கான குறியீடு வட்டமானது. வெள்ளைத் தளம், சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்பு லாரி, குறுக்கே சிவப்புக் கோடு. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை என்றால் அந்த நேரம் கீழே தனிப் பலகையில் இருக்க வேண்டும். நலச்சங்கம் சொந்தச் செலவில் பெயின்டரை வைத்து எழுதி நட்ட பலகை இந்தக் கணக்கில் சேராது. சொல்லப்போனால், அதிகாரம் இல்லாதவர் சாலையில் போக்குவரத்துக் குறியீடு வைப்பதையே சட்டம் அனுமதிக்கவில்லை.

முறையாக வைத்த பலகைக்கும் ஆயுள் குறைவு. காதணி விழா போஸ்டர் ஒட்டுவார்கள், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள், வேப்பங்கிளை வளர்ந்து மிச்சத்தை மூடும். குறியீட்டை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்று அதே 116-ஆம் பிரிவு சொல்கிறது. பலகை தெரியவில்லை என்றால் டிரைவருக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும். அதனால் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று அவ்வப்போது படம் எடுத்து வையுங்கள்.

எந்த லாரிக்குத் தடை?

மனு எழுதும்போது பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ‘கனரக வாகனம்’ என்று நாம் பேச்சில் சொல்வது வேறு, சட்டம் சொல்வது வேறு. சுமையோடு சேர்த்து மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால்தான் கனரகச் சரக்கு வாகனம். 7,500 கிலோ வரை இலகு ரகம். இடைப்பட்டவை நடுத்தரம். டாரஸ், பத்துச் சக்கர டிப்பர் எல்லாம் சந்தேகமில்லாமல் கனரகம். ‘குட்டி யானை’ எனப்படும் டாடா ஏஸ் இலகு ரகம். இடையில் ஓடும் ஐஷர் வகை லாரிகளில் பல நடுத்தரத்தில் விழும். ஆணையில் ‘கனரகச் சரக்கு வாகனம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் 11 டன் லாரி தாராளமாக உள்ளே வரலாம், போலீசும் தடுக்க முடியாது. உங்களுக்குத் தொல்லை தருவது எது என்று பார்த்து, தேவைப்பட்டால் ‘மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள்’ என்று கேளுங்கள். எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், லாரியின் பக்கவாட்டிலும் பெயின்டில் எழுதியிருப்பார்கள்.

விலக்குகளையும் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், மாநகராட்சிக் குப்பை லாரி, ரேஷன் கடைக்கு மூட்டை இறக்கும் லாரி, கேஸ் சிலிண்டர் வண்டி, அந்தத் தெருவிலேயே வீடு கட்டுபவருக்கு ஜல்லி, செங்கல் கொண்டுவரும் வண்டி. கோடையில் தண்ணீர் லாரிக்கு போன் போடுவதும் நாம்தானே. தெருவைக் கடந்து போக மட்டும் உள்ளே வரும் வண்டியையும், தெருவுக்காகவே வரும் வண்டியையும் பிரித்துக் கேட்கும் மனுவுக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். முழுத் தடை கேட்டால், அதே தெருவில் கடை வைத்திருப்பவரே முதல் ஆளாக ஆட்சேபணை கொடுப்பார்.

அதைவிட முக்கியம், லாரி வேறு எந்த வழியாகப் போவது என்று காட்டுவது. மாற்று வழி சொல்லாத தடை, லாரியை உங்கள் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் தள்ளும். மூன்றாம் மாதம் அந்தத் தெருக்காரர்கள் மனுவோடு நிற்பார்கள். மொத்தப் பகுதிக்கும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம். 115-ஆம் பிரிவு ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, ஒரு பகுதிக்கும் பொருந்தும்.

மனு எங்கே?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதே நேர்வழி. மனு எண் கொடுப்பார்கள், அதைத் தொலைக்கக் கூடாது. நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதியலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் விவாதிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஆட்சியர் தலைமையில் கூடும் அந்தக் குழுவில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை அதிகாரிகள் ஒரே மேசையில் இருப்பார்கள். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆன பிறகும் ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகள் எல்லாம் மாநகராட்சியின் கையில் இல்லை. தவறான துறைக்குப் போன மனு ‘எங்கள் பொறுப்பில் இல்லை’ என்ற ஒரு வரியோடு திரும்பும்.

மனுவில் கோபத்தைவிட விவரம் அதிகம் இருக்கட்டும். சாலையின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகின்றன, பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, எந்தச் சாக்கடை மூடி எப்போது உடைந்தது என்று சொல்லுங்கள். இரவுச் சத்தம் தொல்லை என்றால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைக் குறிப்பிடலாம்: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல்.

அபராதம் எவ்வளவு?

ஆணையும் பலகையும் வந்தபின் மீறி நுழையும் லாரிக்கு, குறியீட்டை மதிக்காத குற்றம் மட்டும் என்றால் 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைக்கு 1,500 ரூபாய்; 115-ஆம் பிரிவின் தடையையே மீறியதாக வழக்குப் போட்டால் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய். போலீஸ்காரர் நிறுத்தித் திருப்பச் சொல்லியும் கேட்காவிட்டால் 179-ஆம் பிரிவில் 2,000 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிந்தைய தொகைகள் இவை. லாரிக்காரர் கணக்கில் 500 ரூபாய் பெரிய பணமல்ல. சுற்றிப் போகும் டீசலும் நேரமும் சேர்த்தால் சமமாகிவிடும். ஒரே வண்டி மீண்டும் மீண்டும் மாட்டினால்தான் உறைக்கும். ஆகவே புகார் தொடர்ந்து போக வேண்டும்.

வண்டி எண், தேதி, நேரம், பலகையும் லாரியும் ஒரே சட்டகத்தில் தெரியும் படம் ஆகியவற்றோடு போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஓட்டியது யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போலீஸ் கேட்டால் டிரைவரின் விவரத்தைக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 133-ஆம் பிரிவு சொல்கிறது.

தடை ஆணை வருவதற்கு முன்பே பிடிக்கக் கூடிய பிடி ஒன்று உண்டு: அதிக பாரம். இதற்கு அரசிதழும் வேண்டாம், பலகையும் வேண்டாம். அனுமதித்த எடையை மீறினால் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு அதிகச் சுமையை இறக்கும் செலவும் அவர்கள் தலையில். வண்டியை நிறுத்தி எடை போடச் சொல்லும்போது மறுத்தால் 40,000 ரூபாய். மண், எம்.சாண்ட் ஏற்றி மேலே கூம்பாகக் குவித்துக்கொண்டு வரும் டிப்பர்களைப் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புகார் கொடுப்பது 500 ரூபாய் அபராதத்தைவிட வேகமாக வேலை செய்யும். எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு உண்டு.

தெருவின் குறுக்கே பாறாங்கல் உருட்டிப் போடுவது, இரவில் சங்கிலி கட்டுவது, தாங்களே வேகத்தடை போடுவது எல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியம்தான். இதில் வழக்கு லாரி மேல் வராது, கல் போட்டவர் மேல் வரும். பொதுவழியை மறிப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆளை வழிமறித்தால் அது வேறு பிரிவு. இரும்பு உயரத் தடுப்பு வேண்டுமென்றால் அதையும் அதிகாரிகள் மூலமே கேட்க வேண்டும், அது தீயணைப்பு வண்டியையும் நிறுத்திவிடும் என்பதை யோசித்துவிட்டு.

லாரிகள் உங்கள் தெருவைக் கடந்து போகாமல், தெருவிலேயே இருக்கும் குடோனுக்கோ மணல் குவிக்கும் இடத்துக்கோ வருகின்றன என்றால் பாதையே வேறு. குடியிருப்பில் அந்தத் தொழில் நடத்த மாநகராட்சி உரிமம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுற்றியிருப்பவர்களின் உடல்நலத்துக்கும் நிம்மதிக்கும் கேடான தொழிலை நிறுத்தவோ முறைப்படுத்தவோ, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வழக்கறிஞர்கள் சொன்னது இதைத்தான்.

கடலூர் மாவட்டத்தின் தடை ஆணை புதுச்சேரி எல்லையான முள்ளோடையோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் புதுச்சேரி அரசின் ஆணைதான் செல்லும். ஆனால் புதுச்சேரியின் ‘பி.ஒய்.’ எண் வண்டி என்பதால் கடலூர்த் தெருவில் விலக்குக் கிடையாது, கடலூரின் டி.என். 31-க்கு என்ன சட்டமோ அதேதான் அதற்கும்.

பலகை ஏற்கெனவே நிற்கிற தெருவில் இருப்பவர்கள், அதன் பின்னால் ஆணை இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம்: இந்தத் தெருவுக்கு 115-ஆம் பிரிவின்கீழ் பிறப்பித்த ஆணையின் எண், தேதி, நகல். இன்னொன்று எஸ்.பி. அலுவலகத்துக்கு: கடந்த ஓராண்டில் அந்தத் தெருவில் தடையை மீறியதற்காக எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.