மூழ்கும் பிள்ளை கூப்பிடாது

"சத்தமே போடலையே டாக்டர்!" போன ஞாயிறு மாலை எங்கள் அவசரப் பிரிவில் ஒரு தாத்தா இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நார்த் பீச்சில், அவர் விரித்திருந்த பாயிலிருந்து பத்தடி தள்ளித்தான் பேரன் தண்ணீரில் நின்றிருந்தான். ஐந்து வயது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். இந்த டிசம்பரில் இதே வார்த்தையை நான் கேட்பது நான்காவது முறை.

மூழ்குகிற பிள்ளை கத்தாது. சினிமாவில் வருவது போல் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கூப்பிடாது. கூப்பிட மூச்சு வேண்டுமே! வாய் தண்ணீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், மேலே எழாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும். முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்காது. கரையிலிருந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே விளையாடுவது போலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். கும்மாளம் போட்ட பிள்ளை திடீரென்று அமைதியானால் ஓடுங்கள்.

"சுறா வலை இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. 1952 முதல் டர்பனில் வலை போடுகிறார்கள், சரி. அது சுறாவுக்கு. உள்ளே இழுக்கும் ரிப் நீரோட்டத்தை அது தடுக்காது. பண்டிகைக் காலத்தில் கையில் கட்டிவிடும் பெயர்ப்பட்டையும் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்குத்தான்.

பிரியாணி அண்டாவைச் சுற்றிப் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பீர்கள், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று. ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். அவர் போன் பைக்குள் இருக்கட்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் கரையில் நின்றால் போதாது. கை எட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே நில்லுங்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறக்குங்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டிய நடைமேடை (பியர்) ஓரம் வேண்டாம், ரிப் அங்கேதான் அதிகம். காற்றடித்த ட்யூபைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள். கரைக்காற்று பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பிள்ளை இழுபட்டால் வெறுங்கையோடு பின்னால் குதிக்காதீர்கள். லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், கம்பத்தில் தொங்கும் பிங்க் மிதவையை எறியுங்கள், 112 அழையுங்கள்.

அப்புறம், கரைக்கு வந்த பிள்ளையின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சை அமுக்குங்கள். எழுந்து நடந்தாலும், இருமல் நிற்காவிட்டால், சோர்ந்து சோர்ந்து விழுந்தால், வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் எங்களிடம் வாருங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.