கொதிக்கவைத்தாலும் போகாத நைத்திரேற்று

யாழ்ப்பாணத்தில் குடிநீர் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் பணியில் இருக்கும் நான், கிழமை தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "நாங்கள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்." மூன்று மாதக் குழந்தையுடன் வந்த ஓர் இளம் தாயும் அவரது மாமியாரும் அதையே சொன்னார்கள். பால்மா கரைக்கும் நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியில் வடித்தே எடுப்பதாக மாமியார் விளக்கினார். அவர்கள் கொண்டுவந்த கிணற்று நீர் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. மணமோ உவர்ப்போ இல்லை. ஆனால் உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நீரில் சேரும் நைதரசன் சேர்வையான நைத்திரேற்று, அதில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியிருந்தது.

கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். அந்தப் பழக்கத்தைக் கைவிடக் கூடாது. நைத்திரேற்றோ கறியுப்பைப் போல நீரில் கரைந்து கிடப்பது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு ஏறும். குளோரீன் இட்டாலும், கரி வடிகட்டியில் விட்டாலும் அது நீங்காது. இதைச் சொன்னதும் அந்த மாமியாரின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. பேரப்பிள்ளைக்காக அவர் செய்த கவனமெல்லாம் வேறொரு ஆபத்துக்கான கவனம்.

ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே இது மிகவும் ஆபத்தானது. நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்று என்ற வேறொரு சேர்வையாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாததாக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரால் குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதை 1945இலேயே மருத்துவர் ஹன்ரர் கொம்லி எழுதிவிட்டார். நீலம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எங்கள் மண்ணின் அமைப்பே இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நாம் குடிப்பது அதைத்தான். இங்கு பயிராகும் வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது. அதற்கு அடிக்கடி நீர் இறைக்கும்போது, பயிர் எடுத்ததுபோக எஞ்சிய யூரியாவின் நைதரசன் அதே வெடிப்புகளால் கிணற்றைச் சென்றடைகிறது. அடைப்பில்லாத மலசலகூடக் குழிகளும் அப்படியே. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி போதும் என்ற பொதுவான கணக்கை வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் நான் நம்புவதில்லை. நீர் கசியாத தொட்டி கட்டி, நிரம்பியதும் கழிவை அகற்றுவதே முறை.

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது மக்கள் அதைக் கண்ணால் கண்டார்கள், மணத்தால் உணர்ந்தார்கள். வீதிக்கு வந்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பும் வந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. குற்றஞ்சாட்ட ஒரு தனி நிறுவனமும் இல்லை. ஆகவே சோதித்தாலன்றி அது வெளிப்படாது.

சோதனைக்கு வருவோர் சுத்தமான போத்தலில், சில நிமிடம் இறைத்தபின் நீரெடுத்து, அன்றே குளிர்ச்சியாகக் கொண்டுவர வேண்டும். கோடையில் ஒருமுறை, மாரி தொடங்கியபின் ஒருமுறை பார்ப்பது அவசியம். மண்ணில் தேங்கியது மழையோடுதான் இறங்கும். அறிக்கையில் இருப்பது நைத்திரேற்றா, நைத்திரேற்று நைதரசனா (அதிலுள்ள நைதரசனின் அளவு மட்டும்) என்றும் கேளுங்கள். பின்னதில் 11 என்றிருந்தால் அது ஏறக்குறைய 50க்குச் சமம். இதை அறியாமல் நிம்மதியாகத் திரும்பிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதற்கு ஈடில்லை. அந்தத் தாயால் அது முழுமையாக இயலவில்லை. எனவே அயலில் சோதித்துத் தேறிய ஒரு கிணற்றிலிருந்து குழந்தைக்கு மட்டும் நீர் எடுக்கிறார்கள். அந்தக் கிணற்று நீரையும் மாரி பிறந்ததும் மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.