எக்ஸ்ட்ரீமிஸ்ட்னா தீவிரவாதியா?

போன வாரம் காட்பாடில எங்க வீட்ல, பொண்ணு பத்தாவது பரிட்சைக்கு சத்தமா படிச்சிகினு இருந்தா: "தீவிரவாதிகளின் தலைவர் யார்? திலகர்." பக்கத்துல அவரைக்காய் நார் உரிச்சிகினு இருந்த எங்கம்மா கைய நிறுத்திட்டு "இன்னாடி, அந்தாளு எங்க குண்டு வெச்சாரு?"ன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல, டிவி நியூஸ்ல அந்த சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

இங்கிலீஷ்ல எக்ஸ்ட்ரீமிஸ்ட்னு இருக்கறததான் தமிழ்ல தீவிரவாதின்னு ஆக்கியிருக்காங்க. எக்ஸ்ட்ரீம்னா லத்தீன்ல கடைசி ஓரம். தீவிரம் சமஸ்கிருதம், வேகம், கடுமை.

1905ல வைஸ்ராய் கர்சன் வங்காளத்த பிரிச்சப்புறம், மனு குடுத்தே வாங்கிடலாம்னு இருந்தவங்களுக்கும், சீமைத்துணிய வாங்காத, சுயராஜ்யம் கேளுன்னு நின்னவங்களுக்கும் முத்திப்போய் 1907 டிசம்பர்ல சூரத்ல காங்கிரஸ் ஒடஞ்சது, நம்ம வ.உ.சி.யும் பாரதியும் அங்க திலகர் பக்கம். திலகர் பக்கத்து ஆளுங்க தங்கள சொல்லிக்கினது தேசியவாதி, புதிய கட்சி. எக்ஸ்ட்ரீமிஸ்ட்ன்றது எதிராளி ஒட்டுன பேரு. இந்தப் பேரெல்லாம் காலத்தோட மாறும், இன்னிக்கி தீவிரம்னு சொல்றவங்க நாளைக்கி மிதவாதின்னு திலகரே 1907ல கல்கத்தால பேசியிருக்காரு. கப்பல் கம்பெனி நடத்தி, ஜெயில்ல செக்கு இழுத்த வ.உ.சி.ய எப்படிங்க தீவிரவாதின்றது? அப்போ அந்த சொல்லுக்கு வேகமா போறவர்னு அர்த்தம் இருந்திருக்கலாம், இப்போ இல்லையே. டிக்‌ஷ்னரில மொதல்ல இருக்கறத எடுத்து ஒட்டிட்டு போறவங்க, படிக்கற புள்ள காதுல அது எப்படி விழும்னு ஒரு நிமிஷம் யோசிக்கறதில்ல. 'தீவிர தேசியவாதி'ன்னு சிலர் எழுதறாங்க, கொஞ்சம் தேவல, ஆனா வாய்ல வரும்போது நடுவுல இருக்கற தேசியம் உதுந்துடுது. 'கடும்போக்காளர்'னா பேச்சுவார்த்தைக்கு மசியாதவர்னுதான் படுது.

எங்க வேலூர்ல 1806 ஜூலை 10ல கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க எழுந்தத வெள்ளைக்காரன் கலகம்னான், நாம புரட்சின்னு மாத்திகினோம், ஊருக்குள்ள மக்கான்ற எடத்துல அதுக்கு நினைவுத் தூணே நிக்குது. அத மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு இத மாத்த என்ன கஷ்டம்?

நான் சொல்றது 'முனைப்புத் தேசியம்', ஆளுக்கு 'முனைப்புத் தேசியர்'. தன்முனைப்புன்னா அகங்காரமாச்சேன்னு கேப்பாங்க, அதுல அகங்காரம் 'தன்'லதான் இருக்கு, முனையறதுன்னா ஒரு காரியத்துல ஊக்கமா எறங்கறது.

பொண்ணு நோட்டுல பென்சில்ல அடிச்சி எழுதிக் குடுத்தேன். "மார்க் போய்டும்பா"ன்றா. பழைய சொல்ல பக்கத்துல பிராக்கெட்ல போட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன்.