பி.இ.டி. பாடவேளை யாருக்கு?

ஆகஸ்ட் பிறந்தால் பல அரசுப் பள்ளிகளில் இந்தச் சண்டை வந்துவிடும். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்ட விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது என்று உடற்கல்வி ஆசிரியர் (பி.இ.டி.) பிள்ளைகளை மைதானத்துக்குக் கூப்பிடுவார். பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கும் அதே பாடவேளைதான் வேண்டும். விவகாரம் தலைமையாசிரியர் அறைக்கு வரும். "இந்த வாரம் உங்களுக்கு, அடுத்த வாரம் அவருக்கு" என்று தீர்ப்பாகும். இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார்கள்.

கால அட்டவணை போடும் நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆளுக்குப் பாதி என்பது சோம்பேறித் தீர்ப்பு. என்ன வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதற்கு வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

ஒருமுறை அப்படிக் கேட்டேன். "எத்தனை பேருக்காக டீச்சர் இந்தப் பாடவேளை?"

"எட்டுப் பேர் சார். மத்தவங்க தேறிடுவாங்க."

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. கை பழகினால் இந்த 16-ஐ எடுத்துவிடலாம். தேர்ச்சிக்கு 35 போதும். ஆக, டீச்சருக்கு முழு வகுப்பும் தேவையில்லை. எட்டுப் பேர் காம்பஸும் கையுமாகத் தினம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். காலைச் சிறப்பு வகுப்பு வைத்தால் அவர்கள் வருவதில்லை என்பதுதான் அவருடைய குறை.

பி.இ.டி. சாரின் கணக்கு வேறு. கோ-கோவில் களத்தில் இறங்குவது 9 பேர். அதில் நாலு பேர் வகுப்பில் இருந்தால் பயிற்சி எப்படி நடக்கும்? அந்த நாலு பேரும் டீச்சர் சொன்ன எட்டில் இருந்தார்கள். சிறப்பு வகுப்புக்கு வராத அதே பையன்கள், மைதானத்துக்குக் காலை எட்டு மணிக்கு டாண் என்று வந்துவிடுவார்கள்.

அப்புறம் பேச்சு எளிதாகிவிட்டது. எட்டு முதல் எட்டரை வரை கோ-கோ. எட்டரைக்கு விசில் அடித்ததும் நாலு பேரையும் பி.இ.டி. சாரே கூட்டிவந்து டீச்சரிடம் விடுவார். மற்ற நாலு பேரும் அங்கே சேர்ந்துகொள்வார்கள். "ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லாதவன் நாளைக்கு கிரவுண்டுக்கு வராதே" என்று அவரே சொல்லிவிட்டார். விளையாட்டுப் பாடவேளையை டீச்சர் விட்டுக்கொடுத்தார். சொல்லப்போனால் அவருக்கு இதில் இழப்பே இல்லை.

அமெரிக்க நிர்வாகவியல் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-லேயே ஓர் உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். கேட்டவருக்குக் காற்று வந்தது. ஃபாலெட்மேல் அது நேராக அடிக்கவில்லை.

பெற்றோரிடமும் இதே கேள்விதான். தினமும் தாமதமாக வரும் பிள்ளையின் அம்மாவை, "நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க" என்கிறோம். நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகும் அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். அந்தக் கோபத்தோடு வருபவரிடம் என்ன பேச முடியும்? ஆசிரியருக்கு வேண்டியது பிள்ளையைப் பற்றிய பத்து நிமிடப் பேச்சு. மாலை ஆறு மணிக்குப் போன் செய்தால் அது நடந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்பதாலேயே தீர்வு நல்லதாகிவிடாது. ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் ஆசிரியர்கள் இருவரும் சிரித்த முகமாக இருக்கலாம். பிள்ளைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சம்மதமும் சம்மதம்தானா என்று பார்க்க வேண்டும். ஓவியம், தையல் போன்றவற்றுக்கு 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரைநாள் தொகுப்பூதியத்தில் வருபவர்கள். அவர்கள் சொல்லும் "சரிங்க சார்" பல நேரம் பயத்தில் வருவது. அவர்களைத் தனியாக அழைத்து, அவசரமில்லாமல் கேட்க வேண்டும்.

பேசித் தீர்க்கவே கூடாதவையும் உண்டு. பிள்ளையை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் சீண்டல் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். "பள்ளி பேர் கெடும், இரண்டு பக்கமும் விட்டுக்கொடுங்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ பள்ளிக் கல்வி உதவி எண்ணான 14417-க்கோ போன் செய்யுங்கள்.