ஸ்கிராட்ச் பில்டிங்: அடிமுதல் ஆக்கம்

மாதிரி ரயில் செய்பவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஸ்கிராட்ச் பில்டிங்’. அகராதியை வைத்துப் பெயர்த்தால் ‘கீறல் கட்டுமானம்’ என்று வரும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். உறுப்புகள் அடங்கிய கிட் வாங்கிப் பூட்டாமல், வெறும் தகடு, கம்பி, மரத்துண்டிலிருந்து அளந்து, வெட்டி, வளைத்து ஒன்றைச் செய்வதுதான் இதன் பொருள். சக்கரமும் மோட்டாரும் மட்டும் கடையில் வாங்கினால் பரவாயில்லை, பெயர் மாறாது. இரண்டு மூன்று கிட்டுகளைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்தால் அது ‘கிட்பேஷிங்’, வேறு வேலை.

அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது? ஆட்டத்துக்கு முன் நாமும் தரையில் கோடு கிழிப்போமே, அதேதான். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே விளையாட்டுத் திடலில் கிழிக்கும் கோட்டுக்கு ஸ்கிராட்ச் என்று பெயர். பிறகு ஓட்டப் பந்தயங்களில், சலுகை பெற்றவர் சில அடி முன்னால் நிற்க, சலுகை இல்லாதவர் அந்தக் கோட்டிலிருந்தே ஓடினார். எந்த முன்கூட்டிய உதவியும் இல்லாமல் தொடங்குவது என்ற பொருள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

செம்பில் வேலை செய்து பார்த்தால் சொல்லின் முழுப் பொருளும் கைக்கு வரும். 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, ஒரு நீராவி இஞ்சினின் கொதிகலன் செய்வதாக வைத்துக்கொள்வோம். அசல் விட்டம் 1.8 மீட்டர் என்றால் மாதிரிக்கு 20.7 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் செம்புத் தகட்டில் கூர்முனைக் கம்பியால் கோடு கீறி, சுற்றளவுக்கு ஏற்பச் சுமார் 65 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, 20 மில்லிமீட்டர் உருளையில் சுற்ற வேண்டும். தகடு முரண்டு பிடித்தால் மங்கிய சிவப்பு ஏறும்வரை தீயில் காட்டித் தண்ணீரில் போடுங்கள். எஃகை இப்படிச் செய்தால் இறுகிவிடும், செம்போ குழைந்துவிடும். தட்டத் தட்ட மறுபடி இறுகும், அப்போது மறுபடி தீ. துண்டுகளை ஈயப்பற்று வைத்து ஒட்டும்போதுதான் பொறுமை வேண்டும். செம்பு சூட்டை வேகமாகக் கடத்துவதால், இங்கே சூடு வைத்தால் அங்கே முன்பு வைத்த பற்று இளகிக் கழன்றுவிடும். பழைய பற்றின்மேல் ஈரத்துணி சுற்றிக்கொள்வது நல்லது. இந்தக் காரணத்தால் பலர் பித்தளைக்குப் போய்விடுகிறார்கள். அது விறைப்பானது, சூட்டையும் அவ்வளவு வேகமாகக் கடத்தாது. ஆனால் வளைவுகளுக்குச் செம்பின் குழைவு வராது என்பது என் கருத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கைவினை’ என்றால் கிட் பூட்டுவதும் அதில் அடங்கிவிடுகிறது. ‘புதிதாகக் கட்டுதல்’ என்றால் பழையதை இடித்துவிட்டுக் கட்டுவதுபோல் ஒலிக்கிறது. ‘அடிமுதல் நுனிவரை’ என்று நாம் சொல்வதில் தேவையான சொல் இருக்கிறது: அடிமுதல் ஆக்கம். வினையாகவும் எளிதாக வரும்: “பெட்டி கிட்டில் வந்தது, கொதிகலனைச் செம்பில் அடிமுதல் ஆக்கினேன்.”