கர்ட்டன் வால் = திரைச்சுவர்

புதுச்சேரி நூறடி ரோட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாட்டிய கட்டடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் கிளாஸ் எலிவேஷன் என்பார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கர்ட்டன் வால் என்பார். அப்படிப் பல கட்டடங்களுக்கு இரண்டாவது பெயர் பொருந்தாது. கண்ணாடிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருந்தால் அது வெறும் கண்ணாடி முகப்பு.

கர்ட்டன் வால் என்பது மாடிகளின் பாரத்தைத் தாங்காத வெளிச்சுவர். பாரமெல்லாம் உள்ளே இருக்கும் தூண், உத்தரத்தின் பொறுப்பு. இந்தச் சுவர் தன் எடையையும் தன்மீது மோதும் காற்றையும் மட்டும் வாங்கி, ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் பிடித்திருக்கும் கொக்கிகள் வழியாக உள்ளே கடத்திவிடும். நம் ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வீடுகளின் தடித்த சுமைதாங்கிச் சுவர்களுக்கு நேர் எதிர்.

வேடிக்கை என்னவென்றால், சொல் கோட்டையிலிருந்து வந்தது. இரண்டு கொத்தளங்களை இணைக்கும் கனத்த மதிலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர், பிரெஞ்சில் கூர்த்தின். லத்தீனின் கோர்ட்டினாவே மூலம், துணித்திரைக்கும் அதே வேர்தான். அப்புறம் சுமை தாங்காத சுவருக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

நியூயார்க்கில் 1952இல் வந்த லீவர் ஹவுஸும் 1958இல் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த 38 மாடி சீக்ரம் கட்டடமும் இதைப் பிரபலமாக்கின. சீக்ரமில் ஒரு சுவாரசியம்: தீப்பாதுகாப்பு விதிப்படி உண்மையான உருக்குத் தூண்களைக் கான்கிரீட்டால் மூட வேண்டியிருந்தது, அதனால் உள்ளே எஃகு இருப்பதைச் சொல்ல வெளியே ஆங்கில I வடிவ வெண்கலச் சட்டங்களைச் செங்குத்தாக ஓடவிட்டார் மனிதர். அவை கண்ணாடிச் சட்டகத்துக்கு விறைப்பு தருமே தவிர, ஒரு மாடியையும் தாங்கவில்லை. அலங்காரமே கூடாது என்ற நவீனக் கட்டடக்கலைக் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவர் செய்த வேலை இது!

தமிழில் திரைச்சுவர் என்பதே சரி. கண்ணாடிச் சுவர் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் அலுமினியத் தகட்டிலும் கல் பலகையிலும்கூடத் திரைச்சுவர் அமைக்கலாம். கண்ணாடிகளுக்கு இடையே நெடுக்கே நிற்கும் சட்டமான முல்லியனுக்கு நிலைச்சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே கட்டுகிறவர்கள் பெயரைவிட முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கொக்கிகளை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது, அப்படி ஒரு காற்று கண்ணாடியைத் தள்ளினால் அதைத் தளத்தோடு பிடித்து நிறுத்துவது அவைதான்.