தெனாரியத்தைத் தினார் ஆக்காதீர்கள்

போன வாரம் ஓர் அருங்காட்சியகத்தில் ரோம மன்னன் திபேரியுஸின் 'தெனாரியம்' என்னும் வெள்ளிக்காசுகள் இரண்டைப் பார்த்தேன். ஒன்றில் வாகை சூடிய தலை. பக்கத்தில் திருப்பி வைத்த மற்றொன்றில் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் பெண். கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'ரோமானிய தினார்'. இந்தத் தவறை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது?

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் 'தெனி' என்றால் பத்துப்பத்தாக. பத்து 'ஆஸ்' வெண்கலக் காசுக்கு ஈடானது தெனாரியுஸ், அதாவது தெனாரியம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு ரோமர்கள் போரிட்ட காலத்தில், கி.மு. 211 வாக்கில் அச்சிடத் தொடங்கினார்கள். முதல் காசுகளில் ரோமா தேவியின் தலைக்குப் பின்னால், நம் பெருக்கல் குறி போல, ரோமன் எண் பத்து இருக்கும்.

தினார் இதிலிருந்து வந்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கிழக்கே வந்ததும் அது தங்கக்காசின் பெயராகிவிட்டது. குப்தர்களின் தீனாரம் தங்கம், அரபு தினாரும் தங்கம். அரபு நாட்டில் வெள்ளிக்குத் திர்ஹம் என்று தனிப் பெயரே உண்டு. போதாக்குறைக்கு, 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலீபா அப்துல் மாலிக் உருவங்களை நீக்கி, வெறும் எழுத்து மட்டும் உள்ள தினாரை வெளியிட்டார். தெனாரியமோ முழுக்க முழுக்கப் படக்காசு. கி.மு. 42இல் புரூட்டஸ் அச்சிட்டதில் சீசரைக் கொன்றதன் அடையாளமாக இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலைக் குல்லாய்! அதைத் தினார் என்றால் படிக்கிறவர் மனத்தில் எந்தக் காசு வரும்?

வேர் ஒன்றுதானே என்கிறார்கள். நாற்றம் என்பதும் ஒரு காலத்தில் நறுமணம்தான். அதற்காக இன்று 'மல்லிகை நாற்றம்' என்று எழுதுவோமா? காதுக்கு நெருக்கமாக ஒலிக்கும் சொல்லைப் போட்டுவிட்டு நகர்வதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. பொருளை யாரும் பார்ப்பதில்லை.

சரி, 'பதின்காசு' என்று தூய தமிழில் சொல்லலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே அதன் மதிப்பு 16 ஆஸ் ஆகிவிட்டது. வெறும் 'வெள்ளிக்காசு' என்றால் அதில் பாதி மதிப்புள்ள குவினாரியுஸும் வெள்ளிதான். பழைய தமிழ் விவிலியம் இந்தக் காசைப் 'பணம்' என்றது. அன்று பணம் ஒரு காசின் பெயர், இன்று அப்படியில்லை. பின்னால் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'தெனாரியம்' என்று எழுதியது. அதுதான் சரி. டாலரை நாம் மொழிபெயர்க்கவில்லையே! மகர ஈறு வந்ததால் தெனாரியங்கள், தெனாரியத்தில் என்று தமிழாகவே நடக்கிறது. 'டெனாரியஸ்கள்' என்று நாக்கு இடற வேண்டியதில்லை.

அந்தச் சீட்டில் 'திபேரியுஸ் தெனாரியம், வெள்ளி' என்று எழுதினால் போதும்.